நம்ப முடியாத கட்டைவிரல்

ஐம்பத்தொன்பது வயதில், கையை முகர்ந்து பார்க்காமல் அவர் வீட்டுப் படி இறங்குவதில்லை. கோழிக்கடையை மூடி மாதங்கள் ஓடிவிட்டன. இருந்தாலும் சோப்பு, எலுமிச்சை, மறுபடி சோப்பு. பிறகு மனைவியிடம் கையை நீட்டுவார். "வாடை அடிக்குதா?"

"அடிக்குது, சோப்பு வாடை." அன்று மனைவி அதோடு விடவில்லை. "இத்தனை வருஷம் அறுத்துத் தள்ளிட்டு இப்ப பறவைக்குச் சேவையா? விஷயம் தெரிஞ்சா அதுங்க கூண்டோட வேற கடலுக்குப் போயிடும்!"

"சும்மா இருடி. காத்து வாங்கத்தான் போறேன்."

முந்தின வாரம் நிஜமாகவே காற்று வாங்கப் போன இடத்தில்தான் இது ஆரம்பித்தது. கடற்கரைப் பறவை ஆய்வு நிலையத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கையை விரித்தாள். உள்ளேயிருந்து குருவி ஒன்று பறந்தது. பிடித்த கையிலிருந்து ஒரு பறவை உயிரோடு போவதை அவர் அன்றுதான் பார்த்தார். மறுநாளே தன்னார்வலராகச் சேரக் கேட்டார். "பறவை பிடிச்சுப் பழக்கம் உண்டா?" என்றாள் அந்தப் பெண். அவள்தான் பொறுப்பாளர். "கொஞ்சம்" என்றார். கடையைப் பற்றி மூச்சு விடவில்லை.

மனைவி கிண்டல் செய்த அன்றுதான் முதல் நாள். புதர்களுக்கிடையே கட்டிய வலையில் சிக்கும் பறவைகளைச் சிறு துணிப்பைகளில் போட்டு, அறைச் சுவரில் வரிசையாக மாட்டுகிறார்கள். எடை பார்த்து, காலில் எண் பொறித்த அடையாள வளையம் போட்டு, விட்டுவிடுவார்கள். அவருக்கு அந்தக் கொக்கிகளைப் பார்க்கவே முடியவில்லை. கடையிலும் இப்படித்தான் வரிசை. அங்கே தொங்கியவை அசையாது. இவை துள்ளின.

"புது ஆளா? பயப்படாதீங்க சார், கடிக்க அதுக்குப் பல்லே கிடையாது" என்றார் பழைய தன்னார்வலரான வாத்தியார். பதிலுக்கு அவர் சிரித்து வைத்தார்.

"கையைக் குடுங்க அங்கிள்." பொறுப்பாளர் குருவியை அவர் வலக்கையில் வைத்தாள். ஒன்பது கிராம். "கழுத்து இந்த ரெண்டு விரலுக்கு நடுவுல. முதுகு உள்ளங்கையில. அவ்வளவுதான்."

கடையில் பிடித்த அதே பிடி. அதற்கப்புறம் கட்டைவிரல் கோழியின் தாடையை மேலே தள்ளும். வாடிக்கையாளரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாலும் தானாகவே தள்ளும். கோழிக்கு அதன் பிறகு கத்தி வேண்டும். இந்தக் குருவி சாக அந்தத் தள்ளலே போதும்.

பயத்தில் பிடியைத் தளர்த்தினார். குருவி படபடத்தது.

"விட்டுடாதீங்க! இறக்கை ஒடிஞ்சிடும்!" என்று வாத்தியார் கத்தினார்.

பிடி இறுகியது. கட்டைவிரல் மடங்கி, குருவியின் தாடையை நோக்கி நகர்ந்தது. அவர் இடக்கையால் அந்த விரலைப் பாய்ந்து பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"என்ன அங்கிள் பண்றீங்க?"

"கோழிக்கடை வச்சிருந்தேம்மா. சொல்லலை. இந்த விரலை நம்ப முடியாது. குருவியை வாங்கிக்கங்க."

"அதான் சோப்பு வாடை ஆளைத் தூக்குதா!" என்றார் வாத்தியார். யாரும் சிரிக்கவில்லை.

அவள் குருவியை வாங்கவில்லை. "விரலை அப்படியே பிடிச்சுக்கங்க" என்று சொல்லி, குருவியின் நீட்டிய காலில் வளையத்தை மாட்டி, ஜன்னலைத் திறந்தாள்.

அவர் விரல்களை விரித்தார். குருவி போய்விட்டது. இடக்கை மட்டும் கட்டைவிரலை விடவில்லை.

அவள் கொக்கியிலிருந்து அடுத்த பையைக் கழற்றி அவரிடம் கொண்டுவந்தாள்.