அல்சூரில் காமிக்ஸ் வாங்கப் போனேன்

இன்று மதியம் பழைய காமிக்ஸ் வாங்க அல்சூரில் ஒருவர் வீட்டுக்குப் போனேன். ஆன்லைனில் விளம்பரம் பார்த்ததோடு சரி, ஆளைத் தெரியாது.

ஐம்பது வயதிருக்கும். "வாங்கம்மா" என்றவர், நான் உள்ளே போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார்.

பிறகு இரண்டு கையிலும் கிளவுஸ் மாட்டினார்.

இருபது வருஷமாக க்ரைம் நாவல் படிக்கிறவள், அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரியாதா? கதவுப் பக்கமாக இரண்டடி பின்வாங்கினேன்.

"பயந்துட்டீங்களா? காத்து அடிச்சா பக்கமெல்லாம் உதிர்ந்துடும்மா. கை வேர்வை பட்டா கறையாயிடும்."

அவர் காமிக்ஸை மேஜையில் பரப்பிக் காட்டினார்.

கிளம்பும்போது தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. நான் ஒரு க்ரைம் நாவல் பைத்தியம். நீங்க கேட்டாண்ட நிக்கறப்பவே போட்டோ எடுத்து தங்கச்சிக்கு அனுப்பிட்டேன். அரை மணியில நான் பேசலைன்னா போலீஸைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

நான் எங்கே போகிறேன் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. மெட்ரோவில் உட்கார்ந்து இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

நீங்களெல்லாம் சொல்லிவிட்டுத்தானே போவீர்கள்?