ஃபிரிட்ஜில் இரண்டு ஆயில் பாட்டில்

வண்டிக்கு ஆயில் ஊற்றுவதற்கு முன் அக்கா ஒரு சொட்டை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். சாமி கும்பிடுகிறார் என்று பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. பாதி உண்மைதான். வண்டி போகிற காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று உதடு முணுமுணுக்கும். மீதிப் பாதியில் விரல் ஆயிலை விசாரித்துக்கொண்டிருக்கும்.

ஆயிலக்கா என்று கேட்டால் பட்டறைக்குச் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். சேறு, கல், மேடு எதற்கும் அஞ்சாமல் ஏறுகிற நாலு சக்கர ஏடிவி வண்டிகளைப் பழுது பார்ப்பவர். வயது நாற்பத்தாறு. தோளில் எப்போதும் ஒரு வேஸ்ட் துணி கிடக்கும். வேலை முடிந்ததும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, தன் விரல் பட்ட தடத்தையெல்லாம் துடைத்துவிடுவார். "வேலை தெரிஞ்சாப் போதும், கை தெரிய வேணாம்" என்பார்.

அவர் வீட்டு ஃபிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் இருமல் மருந்து பாட்டில்கள் நிற்கும். உள்ளே இருப்பது மருந்தல்ல. கியர் பெட்டிக்கு ஊற்றும் ஆயிலும், அதில் அமிழ்ந்த ஒரு சைக்கிள் பால்ரஸின் சின்ன இரும்புக் குண்டும். கணவர் தையற்காரர். என்றைக்காவது இருமும்போது அவசரத்தில் குடித்துவிட்டால் நான்காவது கியரில் ஓட வேண்டியிருக்கும் என்று அவர் சொல்லாத நாளில்லை.

இந்தப் பழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. ஆயிலக்காவின் தம்பி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வியாழன்தோறும் விடியலில் ஏடிவியில் இன்சுலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைக்குடியிருப்புக்குப் போவார். சில வருடங்களுக்கு முன், மேட்டு வழிக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று நம்பி அக்கா ஊற்றிக் கொடுத்தார். பாதி மலையில் ஒரு வீட்டுக்கு மருந்து கொடுப்பதற்காகத் தம்பி வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார். அதற்குள் பனியில் ஆயில் இறுகி, கியர் விழ மறுத்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்தார். குடியிருப்பில் ஒரு பெண்மணி ஊசிக்குக் காத்திருந்து மயங்கியே விட்டார். கடவுள் காப்பாற்றினார். "காலுக்கு நல்ல பயிற்சிக்கா" என்று தம்பி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. யார் கேட்டாலும் இன்றும், "அந்தத் தப்பு என்னுது" என்று மறைக்காமல் சொல்வார்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் புது மேலாளர் வந்தார். வந்த வேகத்தில், ஆஸ்பத்திரி ஏடிவிக்கு ஊற்றச் சொல்லி ஒரு டின் ஆயிலோடு பட்டறைக்கும் வந்தார். டின்னில் எண்பத்தைந்து-நூற்றுநாற்பது என்று போட்டிருந்தது. வண்டிக்கான புத்தகம் சொல்வதோ எழுபத்தைந்து-தொண்ணூறு. முதல் எண் குளிருக்கு, இரண்டாவது சூட்டுக்கு. எண் ஏற ஏற ஆயில் கெட்டி. அக்கா ஒரு சொட்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டு டின்னை மூடினார்.

"கெட்டியா இருந்தாத்தானே கியர் பல்லு தேயாது?" என்றார் மேலாளர்.

"வெயில்ல பாரம் இழுக்கிற வண்டின்னா இதையே நானும் ஊத்துவேன் சார். இது பனியில போற வண்டி. கம்பளி நல்லதுதான், அதைக் காலோட சுத்திக்கிட்டு ஓட முடியுமா?"

மேலாளருக்கு முகம் சுருங்கியது. இதை ஊற்றச் சம்மதமில்லை என்றால் வேறு பட்டறை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வேறு பட்டறை என்றால் என்ன ஊற்றுவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். வியாழக்கிழமை அந்த வண்டியில் உட்காரப்போவது யார் என்பதும் தெரியும். கோபப்படவில்லை. ஒரே ஒரு ராத்திரி மட்டும் அவகாசம் கேட்டார்.

மறுநாள் காலை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஈரத்துணியில் சுற்றிய இரண்டு இருமல் மருந்து பாட்டில்களோடு மேலாளரின் மேசை முன் நின்றார். துணியைப் பிரித்து இரண்டையும் ஒன்றாகத் தலைகீழாக்கினார். புத்தகம் சொன்ன ஆயிலில் குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கி, மூடியில் டக்கென்று தட்டியது. மேலாளர் கொண்டுவந்த ஆயிலில், மாமனார் வீட்டு விருந்தை விட்டுக் கிளம்புகிற மாப்பிள்ளை மாதிரி அசைந்து அசைந்து வந்தது. மேலாளர் இரண்டாவது குண்டு வந்து சேரும்வரை பார்த்தார். பிறகு பாட்டில்களை வாங்கித் தானே ஒருமுறை கவிழ்த்தார்.

"வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார்.

வியாழன் விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. கண்ணாடியில் பனி பூத்த வண்டியில் தம்பி ஏறி உட்கார்ந்தார். வழியனுப்ப மேலாளரும் வந்திருந்தார். அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். தம்பியின் கால் அழுத்தியது. கியர் ஒரே சத்தத்தில் விழுந்தது.

அக்கா கண்ணைத் திறந்து, வழக்கம்போல் துணியோடு வண்டியைச் சுற்றினார். பெட்ரோல் டாங்கியின் மேல் அவருடைய கட்டைவிரல் தடம் ஒன்று ரேகையோடு பளபளத்தது. துணி அதன் பக்கத்தில் போய் நின்றது. அதை மட்டும் துடைக்காமல் விட்டார். பிறகு துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்புடா" என்றார்.