பனிமலையில் இருந்த தீப மை

அண்ணாமலையார் மேல் பாரத்தைப் போட்டு வாழ்கிற உங்கள் எல்லோருக்கும், அவரையே சந்தேகப்பட்ட ஒருத்தியின் வணக்கம். என் பெயர் மல்லிகா. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு ஜாக்கெட் கொடுத்தால்கூட நம்பாமல் நானே டேப்பை எடுத்து இன்னொரு தடவை அளப்பேன். என் குணம் அப்படி. அது எங்கிருந்து வந்தது, அப்படிப்பட்டவளுக்கும் அவர் எப்படிப் பதில் சொன்னார் என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை பட்டாளத்தில் இருந்தார். கல்யாணமான மறுவருஷமே வடக்கே பனிமலையில் சண்டை மூண்டது. அந்த ஆனி மாதம் அவர் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அப்போது என் மகள் தீபா வயிற்றில் இருந்தாள். கீழ்பென்னாத்தூரில் மாமனார் வீட்டு வாசலில், கொடி போர்த்திய பெட்டியை இறக்கினார்கள். திறக்கக் கூடாது என்றார்கள். "ஒரே ஒரு தடவை மொகத்தக் காட்டுங்க சார்" என்று காலில் விழுந்தேன். கூட வந்த சிப்பாய்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திறக்காமலே, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த எங்கள் நிலத்தில் அடக்கம் செய்தார்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ஊரே அழுதது. எனக்கு மட்டும் அழுகை நின்றுவிட்டது. உள்ளே இருப்பது அவர்தானா என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்ததுதான்.

கொஞ்ச நாள் கழித்து அவருடைய டிரங்குப் பெட்டி வந்தது. துணிமணி, ஷேவிங் சாமான், மப்ளர் எல்லாம் இருந்தன. மைச் சிமிழ் மட்டும் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். மலை மேல் கார்த்திகைத் தீபம் எரிந்து முடிந்ததும் கொப்பரையைக் கீழே இறக்குவார்கள். அதில் படிந்த கரியை மையாக்கி, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திவிட்டு, பிறகு நமக்குக் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் கடைசியாக லீவில் வந்தபோது அந்த மையை ஒரு சின்னப் பித்தளைச் சிமிழில் அடைத்துக் கொடுத்தனுப்பினேன். மூடியில் என் தையல் ஊசியால் ஒரு தீபம் கீறியிருந்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. தினமும் காலையில் அதைத் திறந்து, மலை இருக்கிற பக்கமாகத் திரும்பி நின்று, கண்ணை மூடி, பிறகுதான் நெற்றியில் வைப்பார். சென்னையில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோதுகூட, "நம்ம மலை எந்தப் பக்கம்?" என்று விசாரித்துத் திரும்பி நின்ற ஆள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அவர் இப்படித் திரும்பி நிற்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சிமிழ் வரவில்லை என்றால் அது அவரிடம் இருக்கிறது. அவரிடம் இருக்கிறது என்றால் அவர் எங்கேயோ இருக்கிறார். இதுதான் நான் போட்ட கணக்கு. தாலியைக் கழற்று என்றார்கள். மாட்டேன் என்றேன். திதி கொடு என்றார்கள். உயிரோடு இருக்கிறவருக்கு யாராவது திதி கொடுப்பார்களா என்று கேட்டேன். பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டேன், பிள்ளைக்குச் சோறு வேண்டுமே. ஆனால் நம்பிப் போடவில்லை.

பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனேன். பக்தியில் போனேன் என்று சொன்னால் அது பொய். பாதை ஓரமாக உட்கார்ந்திருக்கிற சாமியார்கள் முகத்தைப் பார்க்கத்தான் போனேன். அடிபட்டு நினைவு தப்பி, தாடி வளர்ந்து, ஊர் ஞாபகத்தில் இங்கேயே வந்து உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? காவி கட்டின ஒவ்வொருத்தரையும் குனிந்து குனிந்து பார்ப்பேன். சில பேர் ஏதோ காணிக்கை போடப் போகிறேன் என்று தட்டை நீட்டுவார்கள். மலையை நிமிர்ந்து பார்த்து, "எங்கே ஒளிச்சு வெச்சிருக்க? உனக்குத் தெரியாதா?" என்று சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன்.

இப்படியே தீபா வளர்ந்து ஆளாகிவிட்டாள். போன வருஷம் நல்ல இடம் அமைந்தது. பத்திரிகை அடிக்கப் பேசும்போதுதான் வினை வந்தது.

"அப்பா பேருக்கு முன்னாடி தெய்வத்திருன்னு போட்டுடலாம் இல்லீங்களாம்மா?" என்று சம்பந்தி கேட்டார்.

"வேணாங்க. வெறும் பேரு போதும்" என்றேன்.

"அப்போ மண்டபத்துல பொண்ணோட அப்பா எங்கன்னு நாலு பேரு கேட்டா இன்னா சொல்றது?"

"கேக்கட்டும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து போனவர் அப்புறம் போன் பண்ணவில்லை. பத்திரிகை நின்றுபோனது. கல்யாணமே நின்றுவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது. தீபா என் எதிரில் உட்கார்ந்து, "ம்மா, எனக்கு அப்பா இருக்காரா இல்லையா? ஏதோ ஒண்ணு சொல்லிடும்மா. நானும் இத்தன வருஷமா கேக்காம இருந்துட்டேன்" என்று அழுதாள். என் பிடிவாதம் என் பிள்ளை வாழ்க்கையைத் தின்கிறதே என்று அன்றைக்குத்தான் உடைந்துபோனேன்.

நேராகக் கோவிலுக்குப் போனேன். சன்னதியில் நின்று இப்படித்தான் வேண்டினேன். இருந்தால் கொண்டு வந்து விடு. இல்லையென்றால் என் கண்ணில் காட்டு. யார் வாய்ச் சொல்லையும் நான் நம்ப மாட்டேன். நீயே ஆள் அனுப்பினாலும் நம்ப மாட்டேன். குருக்கள் விபூதி கொடுத்ததுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன்.

அந்த வாரமே ஓர் ஆள் வந்தார். முருகேசன் என்று பெயர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். சண்டை நடந்த அந்த மலையடிவாரத்தில், பட்டாளக்காரர்கள் பதுங்கியிருந்த பங்கர்களை அப்படியே பாதுகாத்து நினைவிடம் ஆக்கியிருக்கிறார்களாம். வருஷா வருஷம் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நாளில் குடும்பத்தாரை அழைத்துப் போகிறாராம்.

"நீங்க மட்டும்தான்மா இந்த ஜில்லாவுல இன்னும் வரல. போக வர எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது என்ன அக்கறை? இதில் இவருக்கு என்ன லாபம்? சம்பந்தி வீட்டார் அனுப்பின ஆளோ? என்னைச் சம்மதிக்க வைக்க நாடகமோ? ஆதார் கார்டு நகல் கேட்டார், கொடுக்கவில்லை. அவருடைய கார்டைக் காட்டச் சொன்னேன். மனுஷன் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினார். சிரித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. தீபாதான் "போலாம்மா" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

போகிற வழியெல்லாம் நான் எதையும் நம்பவில்லை. முருகேசன் வாங்கிக் கொடுத்த டீயை அவர் குடித்த பிறகுதான் குடித்தேன். குளிருக்குக் கொடுத்த கோட்டின் பையெல்லாம் தடவிப் பார்த்தேன். மேலே போகப் போக மூச்சு வாங்கியது. மரம் மட்டை ஒன்றும் இல்லாத மொட்டைப் பாறை. அதற்கு மேலே பனி. இந்தக் குளிரிலா என் வீட்டுக்காரர் இருந்தார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

நினைவிடத்தில் கல் சுவரில் வரிசையாகப் பேர் வெட்டியிருந்தார்கள். தீபா விரலை வைத்துத் தேடி அப்பா பேரைக் கண்டுபிடித்துத் தேம்பினாள். நான் அழவில்லை. பேரை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். பூவை வைத்துவிட்டு நகர்ந்தேன். மணல் மூட்டை அடுக்கின பங்கரைக் காட்டினார்கள். துருப்பிடித்த குண்டுப் பெட்டிகளைக் காட்டினார்கள். அப்புறம் கண்ணாடிப் பெட்டிகள் வைத்த ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். கிழிந்த சட்டை, நசுங்கின தண்ணீர் பாட்டில், நின்றுபோன கைக்கடிகாரம்.

அதற்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சிமிழ். மூடியில் கோணல்மாணலாக ஒரு தீபம்.

பக்கத்தில் இருந்த அட்டையைக் காட்டினேன். "அதுல இன்னா எழுதிருக்கு தீபா?" என்றேன்.

"எதிரி கண்ணுல படாம இருக்க மூஞ்சில பூசற கறுப்பு மைன்னு போட்டிருக்கும்மா."

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. தீப மையைக் கொண்டுபோய் மூஞ்சிக்குப் பூசுகிற கரி ஆக்கிவிட்டார்களே! ஆனால் அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. சிமிழ் இங்கே இருக்கிறது. அப்படியானால் அவர்? இத்தனை வருஷக் கணக்கும் அந்தக் கண்ணாடிக்குள் கிடந்தது.

நான் உளறிக் கொட்டியதைக் கேட்டு முருகேசன் வெளியே ஓடினார். அந்தச் சிமிழைக் கொடுத்தவர் அன்றைக்கு அங்கேயே இருந்தார். ரத்தன் என்று பெயர். வடநாட்டுக்காரர், தலை முழுக்க நரை. என் வீட்டுக்காரரோடு ஒரே பங்கரில் இருந்தவராம். அவருக்குத் தமிழ் தெரியாது. முருகேசன்தான் இந்தியில் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார். எனக்கு அப்போதும் சந்தேகம். அவர் இந்தியில் இவ்வளவு நீளம் பேசுகிறார், இவர் தமிழில் இத்தனூண்டு சொல்கிறாரே, நடுவில் எதை முழுங்குகிறார்?

"அவரு தினமும் இந்த மைய எப்படி வெச்சுப்பாருன்னு கேளுங்கண்ணா. வேற ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

முருகேசன் கேட்டார். ரத்தன் வாயால் பதில் சொல்லவில்லை. வெளியே வாசலுக்குப் போனார். எல்லோரும் சண்டை நடந்த சிகரத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தோம். அவர் மட்டும் சிகரத்துக்கு முதுகைக் காட்டித் தெற்கே திரும்பினார். கண்ணை மூடினார். மோதிர விரலால் நெற்றியைத் தொட்டு, "அண்ணாமலைக்கு அரோகரா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குத் தெரிந்த தமிழ்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. முருகேசனுக்கே தெரியாது. என் மகளுக்கே தெரியாது.

"எதிரி அந்தப் பக்கம் இருக்கான், நீ இன்னாடா முதுக காட்டிக்கினு நிக்கறன்னு கிண்டல் பண்ணுவாங்களாம்மா" என்று முருகேசன் சொன்னார். "எங்க சாமி அந்தப் பக்கம் இருக்காருன்னு சொல்வாராம்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அவர் மொகத்த இவர் பாத்தாரா?"

ஆமாம் என்று ரத்தன் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு காயமும் இல்லையாம். பனியில் தூங்குகிற மாதிரி இருந்தாராம். கீழே கொண்டு வர நாள் ஆகிவிட்டதாலும், சமவெளி வெயிலுக்கு உடம்பு தாங்காது என்பதாலும்தான் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்களாம். மூடும் முன் இந்த மையை அவர் நெற்றியில் வைத்தது ரத்தன்தானாம். சிமிழையும் உள்ளே வைக்கக் கை வரவில்லையாம். நண்பன் ஞாபகமாக வைத்திருந்து, நினைவிடம் கட்டினபோது கொடுத்தாராம். சொல்லிவிட்டு என் முன்னால் கைகூப்பி நின்று அழுதார்.

நெற்றியில் மையோடுதான் அனுப்பியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக எனக்கு அது தெரியாமல் போனதே! அங்கேயே தரையில் உட்கார்ந்து, அன்றைக்குக் கீழ்பென்னாத்தூரில் அழாத அழுகை எல்லாம் அழுதேன். தீபா என்னைக் கட்டிக்கொண்டாள். யார் வாய்ச் சொல்லையும் நம்ப மாட்டேன் என்று நான் சொன்னதை அண்ணாமலையார் மறக்கவில்லை. வாயால் சொல்ல விடாமல், திரும்பி நிற்க வைத்துக் காட்டினார்.

அங்கிருந்த அதிகாரி விவரம் கேட்டுக்கொண்டு கண்ணாடியைத் திறந்துவிட்டார். மை காய்ந்து இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினேன். தெற்கே திரும்பி, முதலில் தீபா நெற்றியில் வைத்தேன். பிறகு ரத்தனுக்கு. பிறகு முருகேசனுக்கு, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. கடைசியில் எனக்கு. "சிமிழ எடுத்துக்கினு போறீங்களா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவர் கூட இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த மை. அட்டையில் இருந்த எழுத்தை மட்டும் தீப மை என்று மாற்றச் சொன்னேன்.

ஊருக்கு வந்து அய்யங்குளத்தில் முதல் தடவையாக அவருக்குத் திதி கொடுத்தேன். தாலியை நானே கழற்றிக் கோவில் உண்டியலில் போட்டேன். சம்பந்தி வீட்டுக்குப் போய், "தெய்வத்திருன்னே போடுங்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டார். தை மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இன்றைக்கும் கிரிவலம் போகிறேன். இப்போது சாமியார்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, மலையைப் பார்த்து நடக்கிறேன். பொட்டு இருந்த இடத்தில் தீப மை வைத்துக்கொள்கிறேன். இவள் எதற்கு வைக்கிறாள் என்று சில பேர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உங்களில் யாருக்காவது பதில் கிடைக்காத கேள்வி இருந்தால், அதை அவரிடமே கொண்டு போங்கள். முழு நம்பிக்கை வந்த பிறகு கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் சந்தேகத்தோடுதான் கேட்டேன், திட்டிக்கொண்டேதான் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் சரி, நம் மலை எந்தப் பக்கம் என்று மட்டும் விசாரித்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று கேளுங்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் நின்றார்.