தேற்றாத்தீவுக்காரியும் ருஷ்யக் கவிஞரும்

புளியந்தீவில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை கூடும். ஒரு கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, ருஷ்ய இலக்கியம் எனக்குப் பிடிக்கும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் ஒரு ருஷ்யக் கவிஞரின் வாழ்வையும் எழுத்தையும் பற்றி நான் பேசுவதாக அறிவித்தே விட்டார்கள். நெடுங்காலம் பெரும்பாலும் கவிதையே எழுதியவர். பிறகு ஒரு பெரிய நாவலை எழுதி, அரசாங்கத்தின் கோபத்தைத் தேடிக்கொண்டவர்.

கவிதைகளில் பனி பெய்துகொண்டே இருந்தது. அதைச் சமாளித்துவிட்டேன். நாவல்தான் என்னைக் கவிழ்த்தது. ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். பாதிப் புத்தகம்வரை கதாநாயகியை அவளுடைய தங்கச்சி என்று எண்ணிக்கொண்டு, அக்கா எப்போது வருவாள் என்று காத்திருந்தேன்.

வயலிலிருந்து வந்த கணவரிடம் புலம்பினேன்.

"எங்கட வயல் வட்டைக்குள்ள ஆரும் ஆளைப் பேர் சொல்லியா கூப்பிடுறம்? ஊரைச் சொல்லித்தானே கூப்பிடுற. நீயும் அப்பிடி வை" என்றார்.

கதாநாயகி தேற்றாத்தீவுக்காரி ஆனாள். அவள் புருஷன் சித்தாண்டியார். அவள் மனம் பறிகொடுத்த கவிஞன் புளியந்தீவார். அதன்பிறகு புத்தகம் கடகடவென்று ஓடியது.

கூட்டத்தன்று நான் எழுந்து நிற்கவும் என் மாமி உள்ளே வரவும் சரியாக இருந்தது. கண் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் என்னைப் பார்க்க வந்திருக்கிறார். தலைவர் மகிழ்ந்துபோய், "தேற்றாத்தீவிலிருந்து வருகைதந்திருக்கும் அம்மாவை வரவேற்கிறோம்" என்றார்.

பேச்சைத் தொடங்கினேன். வேறு பெயர் எதுவும் நாக்கில் வரவில்லை. தேற்றாத்தீவுக்காரி சித்தாண்டியாரை விட்டுவிட்டு, கொட்டும் பனியில் புளியந்தீவாரோடு வண்டியேறிய இடத்தில் சபை முழுவதும் திரும்பி மாமியைப் பார்த்தது.

மாமி எழுந்தார். "ஏன் மகள், புருசன் அடிச்சவனோ?"

"இல்லை மாமி. சண்டைக்குப் போனவர்."

"போனவன் கடிதம் போட்டவனோ?"

"இல்லை."

"அப்ப அவள் போனதில என்னகா பிழை?"

பின்வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் துள்ளி எழுந்தார். அவர் சித்தாண்டி ஊர்க்காரர்.

"சண்டைக்குள்ள நிண்டு கடிதம் போடுறது லேசான வேலையோ? எங்கட ஊரானை மட்டும் குறை சொல்லாதீங்க!"

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பெண்கள் எல்லாரும் மாமியின் பக்கம். நான் இரவிரவாகத் தயாரித்த கவிதைப் பகுதியை ஒருவரும் கேட்கவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் மாமி கடைசியாக ஒன்று கேட்டார்: "இதை எழுதின மனுசன்ட பொஞ்சாதி இதை வாசிச்சவவோ?"

"அவதான் முழுவதையும் நல்ல எழுத்தில படியெடுத்துக் குடுத்தவ, மாமி. கதாநாயகி, அவர் விரும்பின இன்னொரு பொம்புளைதானாம்."

"எலுவா! புருசன் இன்னொருத்தியை நினைச்சு எழுதினதை இவ குந்தியிருந்து எழுதிக் குடுத்தவவா?"

சித்தாண்டி ஆசிரியரும் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி என் குறிப்புகளில் ஒரு வரிதான் இருந்தது.

அந்த நாவலை மாமி பையில் போட்டுக்கொண்டு போனார். சில வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

"முடிச்சிட்டன் மகள். கடைசியில கிடந்த கவிதை ஒண்டும் விளங்கல்ல. ஆனா அந்த மனுசன் கெட்டிக்காரன்தான், பொம்புளையள்ற மனம் தெரிஞ்சிருக்கு."

"அப்ப பிடிச்சிருக்கா மாமி?"

"ஓம், பிடிச்சிருக்கு. எண்டாலும் அவனுக்கு நான் பொண் குடுக்கமாட்டன்."