சலூனில் முளைத்த திருட்டுப்பூ

அந்தச் சலூனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வெட்டிக்கொள்ளும் அளவுக்குத் தலையில் ஒன்றும் இருக்காது. அவர்கள் மீன் பார்க்க வருகிறவர்கள். மூன்று நாற்காலி போடக்கூடிய கடையில் சலூன்காரர் இரண்டுதான் போட்டிருந்தார். மூன்றாவது நாற்காலிக்கான இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி நின்றது. உப்பு கரைத்து, பம்பு வைத்து, நீல விளக்கு மாட்டி அவரே உண்டாக்கிய கடல் அது. முதல் முறையாக முடிவெட்ட வரும் குழந்தையை அதற்கு எதிரே உட்கார வைத்தால் போதும், கத்தரிச் சத்தம் காதிலேயே விழாது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கும்போதே வேலை முடிந்துவிடும்.

சலூன்காரருக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். பொறுமை என்ற சரக்கு மட்டும் அவரிடம் கிடையாது. அதை மொத்தமாக வாங்கி வைத்திருந்தவர் அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறையில் வேலை, தெருவுக்கு நர்சம்மா. கீழே சலூன், மேலே வீடு என்பதால் தினமும் தொட்டியைக் கடந்துதான் அவர் மாடியேற வேண்டும். முதல் ஒரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனார்.

"உப்புத் தண்ணியில மீனப் போட்டா அடுப்புல ஏத்தணும். இவரு அதுக்கு லைட்டு போட்டு உக்காந்து பாக்கறாரு" என்று சலூனில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போவார்.

அப்படிப்பட்டவர் ஒரு கல்யாண நாளன்று டூட்டி முடிந்து வரும்போது, கையில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். உள்ளே ஒரு கல், கல்லின் மேல் பச்சைப் பவளம். தொட்டியில் வைத்ததும் அது நீளநீளமான விரல்களை விரித்து ஆட ஆரம்பித்தது. இரண்டு ஆரஞ்சு மீன்களும் ஓடி வந்து, காலங்காலமாகக் குடியிருந்த வீடு போல அதற்குள் புகுந்து படுத்துக்கொண்டன. சலூன்காரருக்குப் பேச்சே வரவில்லை. அவருக்குப் பேச்சு வராமல் போனது அன்றைக்கு ஒரு நாள்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்தப் பவளத்துக்குப் பச்சைக்காரி என்று பெயர் வைத்தார். நர்சம்மாவும் முகம் திருப்புவதை விட்டார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு நிமிஷம் தொட்டி முன்னால் நிற்பார். ஒரு நாள் அப்படி நிற்கும்போது அவர்தான் அதைப் பார்த்தார்.

"என்னங்க, பச்சைக்காரி குட்டி போட்டிருக்கா."

பச்சைக்காரியின் காலடியில், அதே கல்லில், பழுப்பு நிறத்தில் சின்னப் பூ ஒன்று விரிந்திருந்தது. சலூன்காரருக்கும் பெருமை தாங்கவில்லை. காலையிலிருந்து உச்சி வெயில் வரைக்கும் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து ஓசிப் பேப்பர் படிக்கும் பேப்பர் மாமாவுக்குக் காட்டினார். படம் பிடித்து மீன் தொட்டிக் கடைக்காரத் தம்பிக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"அண்ணே, அது குட்டி இல்ல. களை. ஐப்டேசியான்னு பேரு. கல்லோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. கையெல்லாம் விஷம். பக்கத்துல இருக்கற பவளத்தக் கொட்டிக் கொட்டியே சாகடிச்சிடும். அத எப்படி எடுக்கணும்னா..."

"அத நான் பாத்துக்கறேன் தம்பி" என்று சலூன்காரர் போனை வைத்துவிட்டார். நாற்காலியில் ஒருவர் பாதி மீசையோடு காத்திருந்தார்.

அன்று முழுக்க அவருக்கு மனசு சரியில்லை. களை வந்தது கூடப் பெரிதில்லை. அது வந்த கல் மனைவி ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அவளிடம் போய், நீ கொடுத்ததில்தான் விஷம் வந்தது என்று எந்த வாயால் சொல்வது? அது களை என்று அவளுக்குத் தெரிவதற்குள் ஓசைப்படாமல் முடித்துவிட வேண்டும், பச்சைக்காரிக்கும் ஒன்றும் ஆகக்கூடாது.

வாழ்நாளெல்லாம் வெட்டிப் பிழைத்தவருக்கு வேறென்ன யோசனை வரும்? நர்சம்மா டூட்டிக்குக் கிளம்பியதும், இருப்பதிலேயே கூர்மையான மீசைக் கத்தரியை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டு, கல்லில் ஒளிந்து வந்த அந்தத் திருட்டுப்பூவை அடியோடு நறுக்கி, வழக்கம் போலப் பொடிப்பொடியாகத் திருத்தியும் விட்டார். தூள்கள் தண்ணீரோடு சுற்றிப் போயின. கல் பளிச்சென்று இருந்தது. நல்ல ஷேவிங் செய்த முகத்தைத் தடவிப் பார்ப்பது போல அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். குட்டி எங்கே என்று கேட்ட நர்சம்மாவிடம், கல் இடுக்கில் தூங்குகிறது என்று சமாளித்தார்.

கொஞ்ச நாளில் அந்தத் தூள் விழுந்த இடமெல்லாம் ஒவ்வொரு பூ முளைத்தது. வெட்டினால் சாகிற சாதி இல்லையாம் அது. வெட்டிய துண்டெல்லாம் தனித்தனிப் பூவாகுமாம். தம்பி போனில் சொல்ல வந்தது அதைத்தான். பம்பின் வாயில், கண்ணாடி மூலையில், கல் இடுக்கில் என்று கடல் முழுக்கத் திருட்டுப்பூ. நர்சம்மாவோ, "இத்தனை பேரக்குழந்தைங்களா" என்று பூரித்துப்போய் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் படம் காட்டிவிட்டு வந்தார். சலூன்காரர் ஈ என்று இளித்து வைத்தார்.

பச்சைக்காரி சுருங்க ஆரம்பித்தாள். விரல்களை முழுதாக நீட்டுவதில்லை. ஒரு பக்கம் வெளுத்து எலும்பு தெரிந்தது. மீன்கள் இரண்டும் வீடு காலி செய்துவிட்டு மூலையில் நின்றன. சலூன்காரருக்கு வேலையே ஓடவில்லை. பேப்பர் மாமாவுக்கு ஒரு பக்கக் கிருதாவை மேலேயும் மறுபக்கத்தைக் கீழேயும் வைத்து அனுப்பினார்.

நர்சம்மாவுக்கு விஷயம் தெரிந்தது தொட்டியால் அல்ல, கத்தரியால். கத்தரிப் பெட்டியைத் துடைக்கும்போது கையில் எடுத்துப் பார்த்தார்.

"மீசைக் கத்தரி இப்படித் துருப்பிடிச்சிருக்கே. கடலுக்குள்ள போயி யாருக்கு மீசை வெட்டினீங்க?"

சலூன்காரர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். கல்லில் ஒட்டி வந்தது என்பதை மட்டும் மெல்ல விழுங்கப் பார்த்தார். ஊசி போடும் அறையில் வருஷக்கணக்கில் பொய் கேட்டுப் பழகிய காது, அது எங்கே விடும்?

"நான் வாங்கிட்டு வந்ததுல வந்ததா?"

சலூன்காரர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நர்சம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். "உங்களுக்குன்னு ஆசப்பட்டு ஒண்ணே ஒண்ணு வாங்கினேன். அது இப்படி ஆச்சே." கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். "அதக் கூட எங்கிட்ட சொல்லாம மறைச்சீங்களே, அதுதான் கஷ்டமா இருக்கு."

"நீ மனசு ஒடஞ்சிடுவன்னு..."

"இப்ப மட்டும் ஒட்டியா இருக்கு?" என்று எழுந்து மாடிக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு கையில் ஊசியில்லாத குழந்தைகள் மருந்து சிரிஞ்சும் மறு கையில் நீள ஊசியும் எலுமிச்சம்பழமுமாக வந்தார். மாடியிலிருந்தே தம்பிக்குப் போன் போட்டு, அவர் சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை பொறுமையாகக் கேட்டிருந்தார்.

அன்றிலிருந்து கடை அடைத்ததும் சலூன் ஆஸ்பத்திரியாகிவிடும். பம்பை நிறுத்திவிட்டுச் சலூன்காரர் டார்ச் பிடிப்பார். தொட்டால் திருட்டுப்பூ சட்டென்று ஓட்டைக்குள் தன்னை இழுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் அதன் வாயில் ஊசியை வைத்துச் சாற்றைச் செலுத்த வேண்டும். நர்சம்மாவின் கைக்கு அது பழகிய வேலை.

"ஒண்ணுமில்லடா கண்ணு, எறும்பு கடிக்கற மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே போடுவார்.

"விஷப்பூவப் போயி கண்ணுங்கற?"

"யாருக்குப் போட்டாலும் அப்படித்தான் வாயில வருது. ஆடாம பிடிங்க."

ஒரே நாளில் நிறையப் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டார்கள். சலூன்காரர் பொறுமை கற்றுக்கொண்டது அந்த வயதில்தான். டார்ச் வெளிச்சத்தில் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது அவருக்குப் பிடித்தும் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒழிந்தது. ஆனால் பச்சைக்காரிக்கு அடியில், ஊசி எட்டாத இடுக்கில் இருந்தவை அசைந்து கொடுக்கவில்லை.

அதற்குத் தம்பி கடல் நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். ஓடு கிடையாது. விரல் நகம் அளவு உடம்பு, முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சிலிர்த்த முடி.

"முதல்ல இதுங்களுக்குத்தான் கட்டிங் பண்ணணும்போல" என்றார் பேப்பர் மாமா.

நத்தைகள் இடுக்குக்குள் போனவை போனவைதான். பகலில் ஒன்றும் தெரியாது. ஆனால் திருட்டுப்பூக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரு காலையில் சலூன்காரர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது பச்சைக்காரி எல்லா விரல்களையும் நீட்டி ஆடிக்கொண்டிருந்தாள். மீன்கள் இரண்டும் உள்ளே. அவர் மாடிப்படிக்குக் கீழே நின்று மனைவியைக் கூப்பிட்ட கூப்பாட்டில் தெருவே எழுந்துவிட்டது. நர்சம்மா தலைவாரிய பாதியில் ஓடி வந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சந்தோஷம் ஒரு வாரம் கூட நீடிக்கவில்லை. நத்தைகள் மெலிந்து கண்ணாடியில் அலைந்தன. சலூன்காரர் மீன் தீனி போட்டார், தொடவில்லை.

"அதுங்க வேற எதையும் தின்னாதுண்ணே. திருட்டுப்பூ மட்டும்தான்" என்றார் தம்பி. "வேல முடிஞ்சா பட்டினிதான். வேற தொட்டி கிடைச்சா மாத்தி விடலாம். இப்ப எனக்குத் தெரிஞ்ச தொட்டி எல்லாமே சுத்தமா இருக்கு."

"பச்சைக்காரிய காப்பாத்திக் கொடுத்ததுங்கள பட்டினி போட்டுக் கொல்றதா?" என்றார் நர்சம்மா.

சலூன்காரர் வருகிற தலைகளிடமெல்லாம் விசாரித்தார். உங்க வீட்ல தொட்டி இருக்கா, பழுப்புப் பூ இருக்கா என்று கேட்டார். நேற்று வரை திருட்டுப்பூவைக் கரித்துக்கொட்டியவர், இப்படி அதற்காகவே நாயாய் அலைகிறாரே என்று பேப்பர் மாமா பேப்பருக்குப் பின்னால் சிரித்தார்.

மறுநாள் டூட்டி முடிந்து வந்த நர்சம்மா கையில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே பவளமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் அழுக்குக் கல்.

"இத எங்க பிடிச்ச?"

"தம்பி கடைக்குப் பின்னால. பழைய தண்ணி வாளியில வேண்டாம்னு போட்டு வச்சிருந்தாரு. வாளி முழுக்க நானே தேடிப் பாத்தேன்." பையை விளக்குக்கு நேராகத் தூக்கிக் கல்லைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்கத் திருட்டுப்பூ, காடாக விரிந்திருந்தது.

"போன தடவ தெரியாம வாங்கிக் கொடுத்தேன்" என்றார். "இந்தத் தடவ தெரிஞ்சே கொடுக்கறேன். வச்சுக்கங்க."

சலூன்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் பெரிய பிஸ்கட் ஜாடி ஒன்றைக் கழுவி வைத்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, கல்லையும் நத்தைகளையும் அதில் விட்டார். நத்தைகள் முகர்ந்துகொண்டே ஊர்ந்து போய்ச் சாப்பாட்டில் உட்கார்ந்தன.

"இது எத்தன நாளைக்கு வரும்?" என்று நர்சம்மா கவலைப்பட்டார்.

சலூன்காரர் ஒரு பூவை மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தார். பெட்டியைத் திறந்து, துருவைத் தேய்த்து எடுத்த அந்த மீசைக் கத்தரியை எடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கவலப்படாத. இந்தத் தொழில நான் ஏற்கெனவே நல்லா கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பொடிப்பொடியாக வெட்ட ஆரம்பித்தார்.