போர் வண்டி வந்த வெள்ளிக்கிழமை

எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த வருஷம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சரவணம்பட்டிக்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டத்தில் கிணறு வற்றிக் கிடந்தது. எனக்கு எதிலும் மனம் நிலைக்கவில்லை. எடுத்த புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பேன், வாசலுக்கு வருவேன், கோயமுத்தூர் போகிற பஸ்ஸைப் பார்ப்பேன், மறுபடி உள்ளே போவேன்.

"ஒரு எடத்துல இருக்கமாட்டியா அம்மணி?" என்பாள் அம்மா.

என்னைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லத்தான் நான் தயாராக இருந்தேன். ஆழ்துளைக் கிணறு போடச் செவ்வாய்க்கிழமை வரவேண்டிய போர் வண்டி, இழுத்தடித்து அதே வெள்ளிக்கிழமை காலையில் வந்து நின்றது. திருப்பி அனுப்பினால் மறுபடி எப்போது வருமோ என்று அப்பாவுக்குப் பயம்.

"போடுங்க. அவங்க வாரதுக்குள்ள தண்ணி வந்துரும்" என்றார்.

வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தபோது வீடே அதிர்ந்துகொண்டிருந்தது. காபியின் மேல் கல்தூசி படிந்தது. என்ன படித்திருக்கிறேன் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும் நான் பதில் சொன்னதும் கூச்சலாகத்தான் இருந்தது. கடைசியில் அந்த அம்மாவே, "ரெண்டு பேரும் அக்கட்டால போய்ப் பேசட்டுமுங்க" என்றார்.

சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் சத்தம் கொஞ்சம் குறைவு. அங்கே நின்றோம்.

"ஊட்லயே இருக்கறது போர் அடிக்குதுங்களா?" என்று அவர் கேட்டார்.

எனக்குப் போர் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

"நானூறு அடி போயிருச்சுங்க. இன்னும் பொகதான் வருது" என்றேன்.

அவர் விழித்தார். பிறகு சிரித்தார். புரிந்ததும் நானும் சிரித்துவிட்டேன்.

"நானும் போர் போடறவன்தானுங்க" என்றார். கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் அவருக்கு வேலை. ஓடித் தேய்ந்த இன்ஜின் சிலிண்டரை உள்ளே கடைந்து சரிசெய்வதற்கும் போர் என்றுதான் பெயராம். "இங்கிலீஷ்ல இதெல்லாம் ஒரே வார்த்தைங்களா?"

"தொளைக்கறதுதான் மொதல்ல வந்திருக்கோணும். காதத் தொளைக்கற மாதிரி பேசறவங்கள அப்படிச் சொல்லி, அதுலிருந்து அலுப்புக்கும் வந்திருக்குமுங்க. உறுதியாத் தெரியல. பாத்துச் சொல்றேன்."

சொன்ன பிறகுதான், மறுபடி பார்ப்பதாக நானே சொல்லிவிட்டது உறைத்தது.

அதற்குள் வண்டி நின்றுவிட்டது. திடீரென்று காகம் கத்துவதெல்லாம் கேட்டது. நாங்கள் வந்து பார்த்தபோது, தலையிலிருந்து கால்வரை கல்தூசியில் வெளுத்துப்போய் அப்பா குழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா யார் முகத்தையும் பார்க்காமல், "சொல்லி அனுப்பறோமுங்க" என்று காரில் ஏறினார்.

பெண் பார்த்த அன்றைக்குக் குழி வறண்டது நல்ல சகுனமில்லை என்று தரகர் வழியாகச் சேதி வந்தது. வேண்டாம் என்று சொல்ல இருந்தவளை அவர்கள் முந்திக்கொண்டு வேண்டாம் என்றார்கள். நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கோ வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் நான் படித்த கல்லூரியின் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியை எடுத்தேன். துளையிடுகிற போர் மிகப் பழைய ஆங்கிலச் சொல். சிலிண்டரின் உள்துளையும் அதிலிருந்து வந்ததுதான். சுமந்தாள், பொறுத்துக்கொண்டாள் என்பதற்கும் அதே எழுத்துகள்தான், ஆனால் அது வேறு வினையின் இறந்தகாலம். கடல் அலை எதிரேறி ஆற்றுக்குள் புகுவதற்கும் அதே பெயர். அது வடநாட்டுக் கடலோடிகளின் மொழியிலிருந்து வந்திருக்கலாமாம். அலுப்பு மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நான் சொன்னது வெறும் ஊகம் என்று போட்டிருந்தது.

அவரிடம் இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. திரும்பி வரும்போது கணபதியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். தெரு நெடுக லேத்துகள் ஓடுகிற சத்தம். எந்தப் பட்டறை என்று தெரியாது. யாரையாவது கேட்கலாம், ஆனால் கேட்டு என்ன சொல்வது? கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி, அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

மழைக்காலம் முடிந்ததும் அப்பா வேறு மூலையில் போர் போட்டார். தண்ணீர் பீய்ச்சியடித்தது. அதைக் கேள்விப்பட்டுத் தரகர் வந்தார். அதற்குள் எனக்கு உக்கடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது.

"அவங்களுக்கு இப்பச் சம்மதமுங்க" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற கண்ணு?"

நான் தரகரிடம் கேட்டேன். "அவரு என்னங்க சொன்னாரு? அப்பவும், இப்பவும்?"

"அவரு என்னத்தச் சொல்றாரு. பெரியவங்க சொன்னாச் சரின்னு போறவருங்க."

"அப்ப வேண்டாமுங்க" என்றேன்.

அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "புள்ள சொல்லிப்போட்டாளுங்க" என்று தரகரை அனுப்பிவைத்தார். அம்மா பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லையா, தரகர் அவரைக் கேட்கவே இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.