துரை எழுதித் தந்த நல்ல குணங்கள்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டு எங்கள் துரை ரப்பர் கம்பெனியை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறத் தயாரானார். அவர் போவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அவரோடு என் வேலையும் போகிறதே! மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே என் டைப் மிஷினால்தான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோ வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். பழைய முதலாளியின் நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அங்கே வாசற்படியே மிதிக்க முடியாது.

நாட்டைவிட்டுக் கிளம்பும் துரைமார் ஆளுக்கொரு கடிதம் கொடுத்துவிட்டுப் போவது அப்போது வழக்கம். எங்கள் துரை கிளேபாங் கடற்கரை பங்களாவில் உட்கார்ந்து பென்சிலால் எழுதிக்கொண்டு வருவார். நான் டைப் அடிக்க வேண்டும். நல்ல குணத்துக்கு வெள்ளைக்காரரிடம் எத்தனை சொல் இருக்கிறது, எதை யாருக்கு எவ்வளவு அளந்து போடுவார் என்பதெல்லாம் அப்படித்தான் எனக்கு மனப்பாடம் ஆயிற்று.

‘சிவில்’ என்றால் எதிர்த்துப் பேசமாட்டான், அவ்வளவுதான். அது வாசல் காவலாளிக்கு. ‘பொலைட்’ என்றால் உட்காரச் சொல்லாவிட்டாலும் சிரித்தபடி நிற்பான். ‘ஒப்ளைஜிங்’ இருக்கிறதே, அது டிரைவருக்கு: ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வருவான். ‘கர்டியஸ்’ கொஞ்சம் உசத்தி, டை கட்டியவர்களுக்கு மட்டும். ‘கிரேஷியஸ்’ நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அது கிளப்பில் தேநீர் ஊற்றும் துரைசானிகளுக்கு. தன் நாயை வளர்க்க எடுத்துக்கொண்ட நண்பருக்கும் துரை ஒரு கடிதம் எழுதினார். அதில் நாய்க்கு ‘இன்டெலிஜென்ட்’ என்று போட்டிருந்தார். ஆபீசில் ஒருவருக்கும் அந்தச் சொல் கிடைக்கவில்லை.

ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிக்கு ‘கர்டியஸ்’ கிடைத்தது. அவர் எங்கள் பக்கத்து மலாக்கா செட்டி குடும்பத்துக்காரர். பெயர் தமிழ், பேச்சு மலாய். கடிதத்துக்குக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். பொட்டு வைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் என் கடிதமும் வந்தது. பொலைட், ஒப்ளைஜிங், ஆல்வேஸ் சியர்ஃபுல். ஏழு வருஷம் அவர் வாய் மூடுவதற்குள் சுருக்கெழுத்தில் பிடித்து, அவர் ஆங்கிலத்தையே திருத்தி அடித்தவள் நான். இவளுக்கு வேலை தெரியும் என்று ஒரு சொல்? ம்ஹூம்! இதைப் படித்தால் பெண் பார்க்க வருவார்களே தவிர வேலைக்கு எவர் எடுப்பார்?

பெரிய கிராணியிடம் காட்டினேன். “அப்பா லாகி லு மாவ், அடெக்? செமுவா பாகுஸ் லா!” என்றார். இன்னும் என்ன வேண்டுமாம் எனக்கு, எல்லாமே நல்ல சொல்லாம்.

“நல்லா இருந்து என்னத்துக்கு? இதக் கொண்டுபோயி அடுப்புல போடவா?” என்று தமிழிலேயே பொரிந்தேன். அவருக்குப் புரியாதது நல்லதாகப் போயிற்று.

துரையிடமே போனேன். என் வேலையைப் பற்றி ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். எழுந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவின் முட்டி வலியை விசாரித்தார். “அவசியம் கவனத்தில் வைத்துக்கொள்கிறேன்” என்று கதவுவரை வந்து வழியனுப்பினார். அத்தனை மரியாதையாக என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை. நான்கு நாள் காத்திருந்தேன். ஒரு வரியும் வரவில்லை.

ஐந்தாம் நாள் மிஷினில் புதுத் தாளைச் செருகினேன். ‘இந்த ஆபீசில் இவளைப் போல் வேகமாகவும் பிழையில்லாமலும் வேலை செய்பவர் வேறு யாருமில்லை. இவள் அடித்த எதையும் நான் மறுபடி படித்துப் பார்க்க நேர்ந்ததே இல்லை’ என்று ஆங்கிலத்தில் அடித்தேன். சத்தியமாக அதில் ஒரு பொய் கிடையாது. மற்றக் கடிதங்களுக்கு நடுவே வைத்து அவர் மேசைக்குக் கொண்டுபோனேன். துரை பேனாவைத் திறந்தார். ஏழு வருஷமாகச் செய்ததைப் போலவே, ஒரு வரி பார்க்காமல் அத்தனை தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

“உன் கடிதத்தில் ஏதோ சேர்க்கச் சொன்னாயே, மறந்தே போய்விட்டேன்” என்றார்.

“பரவாயில்லை சார், இதுவே போதும்” என்றேன்.

என்னைத் தவிர அந்தக் கடிதத்தை முதலில் படித்தவர், எனக்கு வேலை கொடுத்த அதிகாரிதான்.